டேனியல் ஜே. மோரெல்: அறுபது ஆண்டு உழைத்த ஏரிக் கப்பலும் யாரும் தேடாத 34 மணி நேரமும்

1966 நவம்பர் 29ஆம் தேதி அதிகாலை 2 மணி வாக்கில், வட அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் டேனியல் ஜே. மோரெல் என்ற சரக்குக் கப்பல் இரண்டாக முறிந்தது. அதில் 29 பேர் இருந்தார்கள். கப்பலைக் காணவில்லை என்ற தகவல் கடலோரக் காவல்படைக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் மதியம் 12:15க்கு. இடையில் ஏறக்குறைய 34 மணி நேரம் ஓடிவிட்டது. தேடல் தொடங்கிச் சில மணி நேரத்திலேயே ஒருவரை உயிரோடு மீட்டார்கள். மற்ற 28 பேரும் இறந்துபோனார்கள்.

மோரெலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் புயலில் தொடங்கிப் புயலிலேயே முடிந்துவிடுகிறது. புயல் பெரியதுதான். ஆனால் அதே இரவில் அதே ஏரியில் வேறு கப்பல்களும் ஓடிக்கொண்டிருந்தன, கரையும் சேர்ந்தன. மோரெல் முறிந்ததற்குக் காரணம் அதன் இரும்பு. முறிந்த பிறகும் தெப்பத்தில் உயிரோடு கிடந்தவர்கள் செத்ததற்குக் காரணம், கப்பலிலிருந்து சத்தமே இல்லை என்றால் கரையில் இருப்பவர்கள் எத்தனை மணி நேரத்தில் பதற வேண்டும் என்று யாரும் வகுத்து வைக்காதது. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்பாமல் பார்த்தால்தான் இந்த விபத்து புரியும்.

கப்பலும் அதன் பிழைப்பும்

முதலில், ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்ற ஐந்து ஏரிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. சுப்பீரியர் ஏரியின் மேற்குக் கரைக்கு அப்பால் மின்னசோட்டாவின் இரும்புச் சுரங்கங்கள். கிழக்கே ஈரி ஏரிக் கரையிலும் அதைச் சுற்றியும் எஃகு ஆலைகள். தாதுவை ஆலைக்குக் கொண்டுபோவதுதான் இந்தக் கப்பல்களின் முதல் வேலை. நிலக்கரி, சுண்ணாம்புக்கல், தானியமும் ஏற்றுவார்கள். ஆனாலும் இரும்புத்தாதுதான் இவற்றுக்குச் சோறு போட்டது.

மோரெல் 1906இல் மிச்சிகன் மாநிலத்தின் வெஸ்ட் பே சிட்டியில் கட்டப்பட்டது. நீளம் 603 அடி, அகலம் 58 அடிதான். அன்றைக்கு ஏரிகளில் ஓடிய மிகப் பெரிய கப்பல்களில் ஒன்று. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்திவிடும் மடைப்பூட்டுகளையும் குறுகலான ஆறுகளையும் கடக்க வேண்டியிருந்ததால் ஏரிக் கப்பல்களை இப்படித்தான் நீளமாக, ஒல்லியாகக் கட்டுவார்கள். கேப்டன் நின்று ஓட்டும் அறை மூக்கின் நுனியில் இருக்கும். எஞ்சினும் சமையலறையும் வால் பக்கம். நடுவில் இருக்கும் அத்தனை நீளமும் சரக்கு அறை. அதன் மேல் வரிசையாக மூடிகள். தாது ஏற்றும் துறையில் உயரத்திலிருந்து சரிவுக் குழாய்கள் இறங்கும். அந்தக் குழாய்களின் இடைவெளியை வைத்துத்தான் மூடிகளின் இடைவெளியையே முடிவு செய்தார்கள். கப்பலை ஒட்டி நிறுத்தி, குழாயைக் கவிழ்த்தால் தாது தன் எடையிலேயே சரசரவென்று இறங்கிவிடும். சில மணி நேரத்தில் கப்பல் நிறைந்துவிடும்.

இறக்குவதுதான் ஒரு காலத்தில் முதுகொடிக்கும் வேலையாக இருந்தது. 1899இல் ஒஹையோவின் கொன்னியாட் துறைமுகத்தில் ஹ்யூலெட் என்ற ராட்சத இயந்திரம் வந்ததும் அது மாறிப்போனது. பெரிய தேர் மாதிரி ஒரு சட்டகம், அதிலிருந்து செங்குத்தாகத் தொங்கும் ஒரு கால், காலின் நுனியில் ஒரே கடியில் பத்து டன்னுக்கு மேல் அள்ளும் வாளி. ஓட்டுகிறவர் அந்தக் காலுக்குள்ளேயே, வாளிக்குச் சற்று மேலே உட்கார்ந்திருப்பார். வாளி சரக்கு அறைக்குள் இறங்கும்போது அவரும் சேர்ந்து கப்பலின் வயிற்றுக்குள் இறங்குவார், அள்ளியதும் மேலே வருவார். நாள் முழுக்க இதுதான் வேலை. மோரெல் போன்ற கப்பல்களை லாபம் தரும் கப்பல்களாக ஆக்கியதில் இந்த இயந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே சொல்வேன். கப்பல் துறையில் கட்டிக் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முதலாளிக்கு நஷ்டம்தானே.

போக ஒரு முறை, வர ஒரு முறை என்று வாரக்கணக்கில் இதே வழி. மாலுமிகள் நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்று சுற்றிவருவார்கள். முன்பக்கம் தங்குபவர்களும் சாப்பாட்டுக்கு வால் பக்கம்தான் போக வேண்டும். நல்ல வானிலையில் மேல்தளத்தில் நடந்து போவார்கள். அலை ஏறியடித்தால் தளத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கவழி. சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஏரிக் கப்பல்களுக்குப் பெயரே உண்டு. டெட்ராய்ட் ஆற்றைக் கடக்கும்போது கப்பல் நிற்காது. வெஸ்ட்காட் என்ற சிறு தபால் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும். மேலிருந்து கயிற்றில் வாளியை இறக்கினால் கடிதங்களைப் போட்டு அனுப்புவார்கள். வீட்டுச் செய்தி அப்படித்தான் வரும். டிசம்பரில் பனி இறுகத் தொடங்கியதும் கப்பல்களைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுபடி வசந்தத்தில்தான் வேலை.

உப்புத் தண்ணீரில் ஓடும் கப்பலுக்கு இருபத்தைந்து, முப்பது வயதென்றால் கிழடு. ஏரித் தண்ணீரில் உப்பில்லை, இரும்பை அரிக்கும் வேகம் குறைவு. அதனால் ஐம்பது, அறுபது ஆண்டு ஓடுவது இங்கே சாதாரணம். மோரெல் 1913ஆம் ஆண்டின் பெரும் புயலையும் பார்த்த கப்பல். அந்த நவம்பரில் 12 கப்பல்கள் மூழ்கி 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது மோரெலுக்கு ஏழு வயது. கொதிகலனை மாற்றினார்கள். 1950களில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புது நீராவி எஞ்சின் வைத்தார்கள். பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் அதை நிர்வகித்து வந்தது. முறையான ஆய்வுச் சான்றிதழோடுதான் ஓடியது. மாறாமல் இருந்தது அதன் உடல் மட்டும். 1906இல் ரிவெட் அடித்துச் சேர்த்த தகடுகளே கப்பலைத் தாங்கிக்கொண்டிருந்தன.

கடைசி ஓட்டம்

நவம்பர் கடைசி. அந்தப் பருவத்தின் கடைசி ஓட்டம். ஈரி ஏரிக் கரையின் பஃபலோ பக்கத்திலிருந்து காலியாகக் கிளம்பி, ஹூரான் ஏரியைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து, சுப்பீரியர் ஏரிக்குள் நுழைந்து, மின்னசோட்டாவின் டாக்கனைட் ஹார்பரில் தாது ஏற்ற வேண்டும். கூடவே அதே நிறுவனத்தின் எட்வர்ட் ஒய். டவுன்சென்ட் என்ற கப்பலும் போனது. அதுவும் 1906இல் பிறந்தது, மோரெலின் இரட்டைப் பிறவி என்றே சொல்லலாம். இந்த டவுன்சென்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கின் முக்கியச் சாட்சியாக அதுதான் நிற்கப்போகிறது.

டென்னிஸ் ஹேல், வயது 26, மோரெலில் காவல் மாலுமி. பஃபலோவில் அவரும் இன்னொருவரும் கப்பலைத் தவறவிட்டுவிட்டார்கள். கப்பல் விண்ட்ஸரில் தன் எரிபொருளுக்கான நிலக்கரி ஏற்ற நிற்கும்போது அங்கே போய் ஏறிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் இப்படி நடப்பது சகஜம்.

28ஆம் தேதி ஹூரான் ஏரிக்குள் நுழைந்த பிறகு காற்று ஏறிக்கொண்டே போனது. இரவில் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை வேகம். அலைகள் 20, 25 அடி உயரம். ஏரி அலை கடல் அலையைப் போல நீண்டு புரண்டு வருவதில்லை. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி வரும். 600 அடிக் கப்பல் ஒரே நேரத்தில் பல அலைகளின் மேல் கிடக்கும். அன்றிரவு சில கப்பல்கள் திரும்பித் தெற்கே ஒதுங்கிவிட்டன. மோரெல் கேப்டனும் டவுன்சென்ட் கேப்டனும் ரேடியோவில் பேசிக்கொண்டார்கள். திரும்பலாமா என்ற யோசனையும் வந்தது. ஆனால் அந்த அலையில் கப்பலைத் திருப்பினால் நடுவழியில் அலைக்குப் பக்கவாட்டைக் காட்டியாக வேண்டும். அது கவிழும் அபாயம். ஆகவே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போவது என்று தொடர்ந்தார்கள். கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலையில், கையில் இருந்த தகவலுக்கு, அது தவறான முடிவில்லை. தன் காலடியில் இருக்கும் இரும்பைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள்?

இருவரும் கடைசியாகப் பேசியது நள்ளிரவு தாண்டி 12:15க்கு.

இரண்டு மணி வாக்கில் ஹேல் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பலத்த சத்தம். நங்கூரம் மோதுகிறது போல என்று நினைத்தார். இன்னொரு சத்தம், அலமாரியிலிருந்து புத்தகங்கள் பறந்து விழுந்தன. அப்புறம் அபாய மணி. விளக்கைப் போட்டார், எரியவில்லை. அரைக்கால் உள்ளாடையோடு லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு தளத்துக்கு ஓடினார். வால் பக்கம் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் அவை இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. கப்பலின் நடுப்பகுதி முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. கால்சட்டை எடுக்கத் திரும்ப அறைக்குள் போனார். இருட்டில் கையில் கிடைத்தது ஒரு கனமான கம்பளிக் கோட்டு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

உயிர்காப்புப் படகுகள் இருந்தது வால் பக்கம். முன்பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு தெப்பம்தான். இரண்டு உருளைகள், அவற்றின் மேல் மரப்பலகை. மேலே கூரையில்லை, பக்கத்தில் தடுப்பில்லை. கப்பல் மூழ்கும்போது தெப்பம் தானாக மிதந்துவிடும் என்று நம்பி அதன் மேல் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார்கள். கண் முன்னாலேயே தளம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கிழிந்துகொண்டு போனது. இரும்போடு இரும்பு உரசித் தீப்பொறி பறந்தது.

மின்சாரம் உற்பத்தியாவது வால் பக்கத்து எஞ்சின் அறையில். ரேடியோ இருப்பது மூக்கு நுனியில், கேப்டனின் அறையில். நடுவில் தகடு கிழிந்தபோது அதனூடே ஓடிய மின்கம்பிகளும் அறுந்தன. முன்பக்கத்தில் ரேடியோ இருந்தது, மின்சாரம் இல்லை. பின்பக்கத்தில் மின்சாரம் இருந்தது, ரேடியோ இல்லை. அபாய அழைப்பு ஒன்றுகூடப் போகாததற்கு இதுதான் காரணம். ஆளைப் பிரித்துத் தங்கவைக்கும் அந்தப் பழைய ஏரிக் கப்பல் அமைப்பை நான் பல விதங்களில் ரசிப்பவன். ஆனாலும் அவசரத்துக்கு ஒரு பேட்டரி ரேடியோகூட அன்று வேலைக்கு வரவில்லை என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

முறிந்த பிறகு நடந்ததுதான் கொடுமை. பின்பகுதியின் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுழல்விசிறி தள்ள, விளக்குகள் எரிய, அது முன்பகுதியின் மீதே வந்து மோதியது. மோதி, ஒதுங்கி, புயலுக்குள் தன் போக்கில் போனது. தெப்பத்தில் வீசப்பட்டவர்கள் தூரத்தில் விளக்குகளைப் பார்த்து வேறொரு கப்பல் உதவிக்கு வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது தங்கள் கப்பலின் மறுபாதி. பின்னாளில் ஏரியடியில் தேடியபோது இரண்டு பகுதிகளும் ஐந்து மைல் இடைவெளியில் கிடந்தன. அந்தப் பின்பகுதியில் இருந்தவர்களுக்குக் கடைசி நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

தெப்பத்தில் நான்கு பேர்

தெப்பத்தைப் பிடித்து ஏறியவர்கள் ஹேலோடு சேர்த்து நான்கு பேர். சமிக்ஞை வாணங்களை விட்டுப் பார்த்தார்கள். பார்க்க யாரும் இல்லை. ஒவ்வொரு அலையும் தெப்பத்தின் மேலேறிக் கடந்து போனது. காற்று உறைநிலையை ஒட்டியிருந்தது. 29ஆம் தேதி விடியற்காலையில் இருவர் இறந்தார்கள். அன்று மாலை நான்கு மணி போல மூன்றாமவர். அதாவது கப்பல் முறிந்து ஏறக்குறைய 14 மணி நேரம் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். இந்தக் கணக்கை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

ஹேல் பெரிய உடம்புக்காரர். இறந்த நண்பர்களின் உடல்களை ஒட்டிப் படுத்துக் காற்றை மறைத்துக்கொண்டார். தாகத்தில் கோட்டின் மேல் உறைந்திருந்த பனியைச் சுரண்டித் தின்னத் தொடங்கியபோது, நரைத்த தலையும் வெளிறிய முகமுமாக ஒருவர் தோன்றி, அதைத் தின்னாதே என்று கண்டித்ததாக அவர் பின்னாளில் சொன்னார். அது யார், என்ன என்று விளக்கப் போவது என் வேலையில்லை. ஆனால் உடல் சூட்டை இழந்துகொண்டிருப்பவன் பனியைத் தின்னக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்வதுதான்.

30ஆம் தேதி மாலை நான்கு மணி வாக்கில், மிச்சிகனின் ஹூரான் சிட்டி அருகே தெப்பத்தைக் கண்ட கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் அவரைத் தூக்கியது. 38 மணி நேரம். அரைக்கால் உள்ளாடை, லைஃப் ஜாக்கெட், ஒரு கோட்டு. இவ்வளவுதான் அவர் உடம்பில் இருந்தது. அந்த நாட்களில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தம் வரை 26 பேரின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. இருவர் கிடைக்கவேயில்லை. ஹேல் மீண்டும் கப்பலேறவில்லை. பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தவர், பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2015இல் 75 வயதில் காலமானார்.

ஏன் யாரும் தேடவில்லை

தேடத் தெரியாமல் இல்லை. அதே வாரத்தில், அதே ஹூரான் ஏரியில், தண்டர் பே தீவருகே தரைதட்டி நின்ற நார்ட்மீர் என்ற ஜெர்மானியக் கப்பலில் மிச்சமிருந்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது. ஆள் இருந்தது, வசதி இருந்தது. மோரெலைத் தேடச் சொல்லத்தான் யாரும் இல்லை.

29ஆம் தேதி அதிகாலைக்குப் பிறகு மோரெலிடமிருந்து பேச்சே இல்லை. டவுன்சென்ட் கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை. ஆனால் புயலில் ஆன்டெனா விழுவதும் ரேடியோ ஓய்வதும் ஏரிக் கப்பல்களுக்குப் பழகிப்போன விஷயம். எங்காவது தீவின் மறைவில் ஒதுங்கியிருக்கும், நாளைக்குப் பேசும் என்ற நினைப்பு எல்லோருக்கும் எளிதில் வந்துவிட்டது. கப்பல் நிறுவனத்தின் அலுவலகமும் 29ஆம் தேதி முழுவதும் காத்திருந்தது. 30ஆம் தேதி மதியம்தான் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில், மோரெலின் பெயர் எழுதிய லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்த ஒரு உடலை வேறொரு சரக்குக் கப்பல் கண்டது. அதன்பின் தேடல் மளமளவென்று நடந்தது.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. அறுபது ஆண்டு தவறாமல் ஓடிய ஒரு கப்பல், எப்படியும் வந்து சேரும் என்ற நம்பிக்கையைப் பார்ப்பவர்கள் எல்லோரிடமும் வளர்த்துவிட்டிருந்தது. அந்த நம்பிக்கைக்கு மேலே ஒரு விதி இருந்திருக்க வேண்டும். இத்தனை மணிக்குள் குரல் கேட்கவில்லையென்றால் யோசிக்காதே, கூப்பிடு என்று. அது இல்லை. 29ஆம் தேதி காலையிலேயே ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால், மாலை வரை உயிரோடு இருந்த மூன்றாமவர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்பது வெறும் ஆதங்கம் அல்ல. தேடத் தொடங்கி நான்கே மணி நேரத்தில் ஹேலைக் கண்டுபிடித்தார்கள் என்பதே அதற்குச் சான்று.

1958இல் மிச்சிகன் ஏரியில் இதே போல இரண்டாக முறிந்த கார்ல் டி. பிராட்லி என்ற கப்பலை ஒப்பிட்டுப் பாருங்கள். 35 பேரில் 33 பேர் இறந்தார்கள். ஆனால் அதில் மின்சாரம் சற்று நேரம் தாக்குப்பிடித்ததால் அபாய அழைப்பு போய்விட்டது. உடனே தேடினார்கள். தெப்பத்தில் இருந்த இருவரை மறுநாள் காலையே எடுத்துவிட்டார்கள்.

இரும்பின் கதை

கப்பல் அலை உச்சியில் நடுவைக் கொடுத்து நிற்கும்போது முன்னும் பின்னும் தொங்கும், நடு முதுகு மேலே வளையும். அப்போது மேல்தளத் தகடு இழுபடும். அலைகளுக்கு நடுவில் பள்ளத்தில் விழும்போது எதிர்ப்பக்கம் வளையும், அடித்தகடு இழுபடும். ஒரு புயல் இரவில் இது ஆயிரக்கணக்கான முறை நடக்கும். மோரெல் அன்று காலியாகப் போனது. எடையெல்லாம் இரு முனைகளிலும், மிதக்கும் வயிறு நடுவில். ஆகவே அதன் முதுகு ஏற்கெனவே மேல்நோக்கி வளைய இழுத்துக்கொண்டிருந்தது.

நல்ல எஃகு இப்படி இழுபட்டால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். மோரெலின் எஃகு கொடுக்கவில்லை. 1948க்கு முன் கட்டிய கப்பல்களின் எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம் இருந்ததும், குளிரில் அது நெகிழ்வை இழந்து நொறுங்கும் தன்மையை அடைந்ததும் பின்னாளில் நன்றாகத் தெரிந்தன. வெல்லப்பாகு சூட்டில் இழுத்தால் நீளும், ஆறிய பிறகு தட்டினால் படக்கென்று உடையும். அதே பாகுதான், சூடு மட்டும்தான் வேறு. இரும்பிலும் ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே இது நடக்கிறது. ரிவெட் துளையோரத்திலோ மூடியின் மூலையிலோ மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும். ஒரு இழுப்பில் அது தளத்தின் குறுக்கே ஓடிவிடும். தடுக்க நேரமே இருக்காது.

இது 1966இல் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் அல்ல என்பதுதான் என் ஆற்றாமை. 1943 ஜனவரியில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், புயலும் இல்லாமல் அலையும் இல்லாமல், துறையில் கட்டி நின்ற இடத்திலேயே இரண்டாக உடைந்தது. போர்க்காலத்தில் அவசரமாகப் பற்றவைத்துக் கட்டிய கப்பல்கள் அடுத்தடுத்து விரிசல் விட்டன. அதன் பிறகுதான் கப்பல் எஃகுக்கான தரவிதிகள் மாறின. புதிய கப்பல்கள் அந்த விதிப்படி கட்டப்பட்டன. பழைய கப்பல்கள்? அவை உப்பில்லாத தண்ணீரில் துருப்பிடிக்காமல் மினுமினுவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஆய்வாளர் வந்தால் தகட்டின் தடிமனை அளப்பார், ரிவெட்டைத் தட்டிப் பார்ப்பார். தடிமன் சரியாக இருக்கும். குளிரில் அந்தத் தகடு என்ன செய்யும் என்று அளவுகோலும் சுத்தியலும் சொல்லாது. கடலில் ஓடியிருந்தால் மோரெல் துருப்பிடித்து 1940களுக்கு முன்பே உடைப்புக்குப் போயிருக்கும். ஏரி அதன் ஆயுளை நீட்டித்தது, அந்த நீட்டிப்பில்தான் பழைய எஃகின் குறை புதிய காலத்துக்குள் வந்து நின்றது.

சரி, டவுன்சென்டுக்கு வருவோம். அந்த இரவைத் தாண்டி அது வடக்கே போய்ச் சேர்ந்தது. செயின்ட் மேரிஸ் ஆற்றில் எரிபொருளுக்காக நின்றபோது அதன் மேல்தளத் தகட்டில் புது விரிசல் ஒன்றைக் கண்டார்கள். அதே வயது, அதே வடிவம், அதே அலை. விரிசல் ஓடத் தொடங்கி, எப்படியோ நின்றிருக்கிறது. காவல்படை உடனே அதன் ஓட்டத்தை நிறுத்தியது. பிறகு பழைய இரும்புக்கு விற்றார்கள். 1968 அக்டோபரில் ஐரோப்பாவுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக்கில் புயலில் அது இரண்டாக முறிந்து மூழ்கியது. நல்லவேளை, அப்போது அது ஆளில்லாத வெறுங்கூடு. கடலோரக் காவல்படையின் விசாரணை, மோரெல் நடுவில் முறிந்ததற்கு நொறுங்கும் எஃகே காரணம் என்று முடிவு செய்தது. அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தை டவுன்சென்ட் அட்லாண்டிக்கில் எழுதிமுடித்தது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. அதே 1906இல் கட்டிய வில்லியம் பி. ஸ்னைடர் என்ற கப்பல், பிற்காலத்தில் செயின்ட் மேரிஸ் சேலஞ்சர் என்ற பெயரில், 2013 வரை சொந்த எஞ்சினில் ஓடியது. 107 ஆண்டுகள். அப்புறம்கூட அதை உடைக்கவில்லை, இழுவைப் படகோடு பூட்டும் சரக்குத் தோணியாக மாற்றினார்கள். பழைய எஃகு அவ்வளவு மோசமென்றால் இது எப்படி? நியாயமான கேள்வி. அது மோரெலைவிட ஐம்பது அடி நீளம் குறைந்தது, ஆகவே வளைக்கும் விசையும் குறைவு. அதைவிட முக்கியம், நொறுங்கி முறிய மூன்று சேர வேண்டும்: குளிர், ஒரு சிறு விரிசல், பலத்த இழுப்பு. மூன்றும் ஒரே நிமிடத்தில் சந்திக்காத வரை அந்தக் கப்பல் நூறு ஆண்டும் ஓடும். சேலஞ்சர் தப்பியது எஃகின் நற்சான்றிதழ் ஆகாது. அது போன்ற கப்பல்களைப் புயல் மாதத்தில் எங்கே, எப்போது விடலாம் என்று பார்த்துப் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும் என்பதையே அது காட்டுகிறது.

பிறகு மாறியவை

1975 நவம்பர் 10 மாலை, சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது. அதுவும் அபாய அழைப்பு அனுப்பவில்லை. ஆனால் இந்த முறை பின்னால் வந்துகொண்டிருந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பலின் கேப்டன், ரேடாரிலிருந்து அது மறைந்ததைச் சும்மா விடவில்லை. திரும்பத் திரும்பக் காவல்படையைக் கூப்பிட்டார். அன்றிரவே, பத்திரமான இடத்துக்கு வந்துவிட்ட தன் கப்பலை மறுபடி அந்தப் புயலுக்குள் திருப்பித் தேடப் போனார். ஃபிட்ஸ்ஜெரால்ட் நொடியில் போனதால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனாலும் முதல் இரவிலேயே தேடல் நடந்தது. மோரெலுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஏரிக் கப்பல்களில் ஒவ்வொரு மாலுமியின் அறையிலும் வேலை செய்யும் இடத்திலும், குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் முழு உடல் உடை இருக்க வேண்டும் என்ற விதி 1980இல்தான் வந்தது. தண்ணீரில் விழுந்ததும் தானே சமிக்ஞை அனுப்பி இடத்தைக் காட்டும் அவசரக் கருவியும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பிறகே கட்டாயமானது. மோரெலுக்குப் பிறகு கிட்டத்தட்ட 14 ஆண்டுகள், இன்னும் 29 உயிர்கள். அந்த உடையும் கருவியும் 1966இல் அந்த முன்பக்கத்து அறைகளில் இருந்திருந்தால் தெப்பத்தில் ஏறிய நான்கு பேரும் வீடு திரும்பியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.